மூன்று மில்லிமீட்டர் சிலந்தியை விவரித்து முடித்தோம்: கருவி, அளவு, செலவு

புதிய சிற்றினம் ஒன்றை விவரிக்கும் எங்கள் சிலந்திக் கட்டுரை ஆய்விதழில் ஏற்கப்பட்டுவிட்டது. அச்சில் வர இன்னும் கொஞ்ச காலம் ஆகும். அதுவரை பேரினத்தையும் நாங்கள் வைத்த பெயரையும் வெளியே சொல்லப்போவதில்லை. முறையான விவரிப்போடு வெளிவந்தால்தான் ஒரு விலங்கின் பெயர் செல்லும். முன்கூட்டியே கசிந்தால் பின்னால் வருபவர்களுக்குத் தேவையில்லாத குழப்பம். ஆனால் வேலை எப்படி நடந்தது என்று எழுதத் தடை இல்லை. தோட்டத்திலும் தோப்பிலும் சிலந்தி பார்த்துப் படமெடுக்கிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். "இது புதுசா இருக்குமோ" என்று தோன்றியபின் என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

நாங்கள் என்றால் நானும், கல்லூரியில் சிலந்திகளை ஆராயும் ஒரு பேராசிரியரும். சிலந்தி எங்கள் குடும்பத்து முந்திரித் தோப்பில் கிடைத்தது, பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் பூமியில். தாவும் சிலந்திக் குடும்பம், அதாவது சால்டிசிடே. சிலந்திக் குடும்பங்களில் இதுவே பெரியது, 6,000-க்கும் மேல் சிற்றினங்கள். எங்களுடையது அதில் பொடிசு: ஆண் 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, பெண் மூன்றரையைத் தொடும்.

முந்திரி இலை தடிப்பானது, சீக்கிரம் மக்காது. மேலே மொறுமொறுவென்று காய்ந்திருந்தாலும் அடியில் விரல் அளவுக்கு ஈரம் நிற்கும். இந்த அடுக்கில்தான் சின்னச் சிலந்திகள் வாழ்கின்றன. கையால் கிளறினால் ஒன்றும் அகப்படாது, சலிக்க வேண்டும். அரை அங்குலக் கம்பி வலையை ஒரு பழைய பிளாஸ்டிக் கூடையின் அடியில் கட்டினேன்; ஹார்டுவேர் கடையில் வலைக்கு 180 ரூபாய். சருகை அள்ளிப் போட்டு வெள்ளைத் துணிமேல் பலமாகக் குலுக்க வேண்டும். விழுந்த தூளை ட்ரேயில் பரப்பிவிட்டு அப்படியே உட்கார வேண்டும். இந்தச் சிலந்திகள் அதிர்ந்தால் உறைந்துபோய்க் கிடக்கும், மண்துகளுக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் தெரியாது. குனிந்து மெல்ல மூச்சு விட்டால் நகரத் தொடங்கும். அப்போது உறிஞ்சுகுழாயால் இழுத்துக்கொள்ளலாம்: மீன்தொட்டிக்குப் போடும் காற்றுக்குழாய், அதன் நுனியில் கண்ணாடிக் குழாய், இரண்டுக்கும் நடுவில் மெல்லிய வலைத்துணி. அந்தத் துணி இல்லாவிட்டால் சிலந்தி வாய்க்குள் போய்விடும்.

மாசியில் தோப்பைக் கூட்டி, சருகைக் குவித்துக் கொளுத்திவிடுவார்கள். கொட்டை விழும்போது தரை சுத்தமாக இருந்தால்தான் பொறுக்க முடியும். கூட்ட வந்த அக்காவிடம், "கிழக்கு மூலையை மட்டும் விட்டுடுங்கக்கா" என்றேன். "சரி தம்பி, பாம்பு கீம்பு வந்தா நீதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு ஒரு பந்தல் அளவு இடத்தை விட்டுக்கொடுத்தார். கோடை முழுக்க எங்களுக்கு மாதிரிகள் அந்த மூலையில் இருந்துதான் கிடைத்தன.

முதலில் கிடைத்த ஆண் முழு வளர்ச்சி அடையாதது. ஆண் சிலந்தியின் தலைக்கு முன்னால் இரண்டு குட்டைக் கால்போல நீட்டிக்கொண்டிருப்பவை பால்ப்புகள். அவற்றின் நுனியில்தான் விந்தைச் செலுத்தும் உறுப்பு இருக்கிறது. ஒரு சிற்றினத்தை இன்னொன்றிலிருந்து பிரிப்பது பெரும்பாலும் இந்த உறுப்பின் அமைப்புதான். இளம் ஆணில் அது ஊறவைத்த வேர்க்கடலைபோல உப்பலாக, வழுவழுவென்று மட்டும் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. அதனால் வளர்க்க முடிவு செய்தோம். மருந்துக்கடையில் கிடைக்கும் சின்ன மூடி டப்பா, அடியில் ஈர டிஷ்யூ, ஒளிந்துகொள்ள ஒரு துண்டுச் சருகு. இரைக்கு அதே சருகில் இருந்த துள்ளுவால் பூச்சிகள். பழ ஈ இதன் அளவுக்குப் பெரிது, ஒதுங்கிப் போய்விட்டது. சில நாளில் சருகின் மடிப்பில் வெள்ளைப் பட்டுக் கூடு கட்டி உள்ளே போனது. தோலுரித்து வெளியே வந்தபோது பால்ப் முழுதாக மலர்ந்திருந்தது. உடனே சாராயத்தில் போட்டுவிடக் கூடாது. உடல் இறுகி நிறம் ஏற இரண்டொரு நாள் விட வேண்டும், இல்லாவிட்டால் அளக்கும்போது நசுங்கும். உரித்த தோலையும் தனிக் குழாயில் எடுத்து வைத்தோம்.

வளர்த்ததில் இன்னொரு லாபமும் இருந்தது. ஆண் கறுப்பு, முகத்தில் ஒரு சிவப்புப் பட்டை. பெண் மண்நிறம், புள்ளி புள்ளியாக. வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்தால் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க யாருக்கும் தோன்றாது. கண்ணாடித் தட்டில் இரண்டையும் விட்டபோது ஆண் பால்ப்புகளை மாறி மாறி ஆட்டி நெருங்கிப் போய்ச் சேர்ந்தது. இணை இதுதான் என்பது அங்கே உறுதியாயிற்று. இந்தியச் சிலந்திகளில் ஆண் மட்டும் தெரிந்தவை, பெண் மட்டும் தெரிந்தவை என்று எத்தனையோ இருக்கின்றன. ஒரே சிற்றினத்தின் ஆணும் பெண்ணும் இரண்டு பெயரில் பதிவானதும் உண்டு. அதனால் இணைசேர்வதை வீடியோ எடுத்து வைத்துக்கொண்டோம்.

உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்துவிட வேண்டும். ஃபிரிட்ஜில் ஐந்து நிமிடம் வைத்தால் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். அந்தச் சிவப்புப் பட்டை சாராயத்தில் போட்ட சில நாளிலேயே வெளுத்து மஞ்சளாகிவிட்டது. பழைய விவரிப்புகளில் "மஞ்சள் நிறம்" என்று இருப்பதை எல்லாம் இப்போது நான் அப்படியே நம்புவதில்லை.

சாராயம் என்று எழுதியது எத்தனாலைத்தான். உரிமம் இல்லாமல் தனி ஆள் வாங்க முடியாது. கல்லூரி ஆய்வகத்தில் இருந்துதான் வந்தது. ஐசோபுரொப்பைல் எளிதில் கிடைக்கும், ஆனால் உடல் விறைத்துப்போய்க் கால்களை நீட்ட வராது. குழாய்க்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுத வேண்டும். பால்பாயின்ட் மை கரைந்து ஊதாத் தண்ணீராகிவிடும். ஊர், மாவட்டம், அட்சரேகை தீர்க்கரேகை, உயரம், எங்கே எப்படிப் பிடித்தது, தேதி, பிடித்தவர் பெயர் எல்லாம் சீட்டில் இருக்க வேண்டும், அந்தச் சீட்டு குழாய்க்கு உள்ளேயே இருக்க வேண்டும். வெளியே ஒட்டிய சீட்டு என்றாவது ஒருநாள் உரிந்து விழும்.

இனி அளப்பது. அம்பாலாவில் தயாரான ஸ்டீரியோ நுண்ணோக்கி ஒன்றைப் பழையதாக 22,000 ரூபாய்க்கு வாங்கினேன், கேமரா பொருத்த மூன்றாவது குழாய் உள்ளது. கண்வில்லைக்குள் போடும் அளவுகோல் 1,400. அதைச் சரிபார்க்க, ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் 1,100. மூன்றாவதை வாங்காமல் முதல் இரண்டால் பயனில்லை. கண்வில்லை அளவுகோலின் கோடு எத்தனை மைக்ரான் என்பது உருப்பெருக்கத்துக்கு ஏற்ப மாறும். எங்கள் கருவியில் பொருள்வில்லை 4 மடங்கில் இருக்கும்போது 100 கோடு சேர்ந்து 2.5 மி.மீ., அதாவது ஒரு கோடு 0.025 மி.மீ. ஜூம் குமிழ் நடுவில் எங்கேயாவது நின்றால் இந்தக் கணக்கு செல்லாது. அதனால் குமிழைக் கடைசி வரை திருகி, அது தானாக நிற்கும் இடத்தில் மட்டும் அளந்தோம். அங்கே ஒரு துளி நெயில் பாலிஷ் வைத்து அடையாளம் போட்டேன்.

கால் ஒன்றுக்கு அளப்பது ஐந்து துண்டு: ஃபீமர், பட்டெல்லா, டிபியா, மெட்டாடார்சஸ், டார்சஸ். ஒரு பக்கத்து நான்கு கால்களுக்கு 20 அளவு. அதோடு தலைமார்பின் நீளம் அகலம் உயரம், வயிறு, கண்களின் விட்டம், கண்களுக்கு இடையே உள்ள தூரம். சிலந்தி பெரிதானால் இது வெறும் பொறுமை வேலை. மூன்று மில்லிமீட்டரில் பெரிய எதிரி சாய்வுதான். நான்காம் காலின் ஃபீமர் சற்றே சாய்ந்து கிடந்தபோது 39 கோடு, அதாவது 0.975 மி.மீ.; அதையே படுக்க வைத்து அளந்தால் 42 கோடு, 1.05 மி.மீ. நீளமான கால் எது என்ற வரிசையே இந்த வித்தியாசத்தில் மாறிவிடும். முதல் சுற்றில் வந்த வரிசை 3412, அதாவது மூன்றாம் கால் மிக நீளம், இரண்டாம் கால் மிகக் குட்டை. கால்களைத் தனித்தனியாகப் பிரித்துப் படுக்க வைத்து அளந்ததும் 4312 ஆனது. அதற்குப் பிறகு எந்த மாதிரியிலும் ஒரு பக்கத்துக் கால்களைக் கழற்றாமல் அளக்கவில்லை.

படுக்க வைக்கக் கைகொடுத்தது கை கழுவும் சானிட்டைசர் ஜெல். கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு ஜெல், அதில் சிலந்தியைப் பதித்து, மேலே எத்தனால் ஊற்றினால் எந்தக் கோணத்தில் வைத்தோமோ அப்படியே நிற்கும். ஜெல்லில் காற்றுக்குமிழ் இருந்தால் படம் பாழ். ராத்திரி திறந்த கிண்ணத்தில் மூடி சாய்த்து வைத்தால் குமிழ்கள் மேலே வந்துவிடும். வேலை முடிந்ததும் நன்றாக அலச வேண்டும், இல்லாவிட்டால் உடம்பெங்கும் வெள்ளை படிகிறது. இடுக்கி விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். 350 ரூபாய் இடுக்கியின் நுனிகள் ஒன்றோடொன்று சேரவில்லை. டூமான்ட் 5-ஆம் எண் இடுக்கி 2,800 ரூபாய், வாங்கிய நாளில் இருந்து ஒரு காலும் உடையவில்லை.

படம் எடுக்க யூஎஸ்பி கேமரா 6,500. ஒரே ஃபோகஸில் முழு பால்ப்பும் தெளியாது. நுண்திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி முப்பது நாற்பது படம் எடுத்து, பிக்கோலே என்ற இலவச மென்பொருளில் அடுக்கினோம். கோட்டுச் சித்திரங்களை அந்தப் படங்களின்மேல் இங்க்ஸ்கேப்பில் வரைந்தோம். புகைப்படம் இருக்கும்போது சித்திரம் எதற்கு என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் வரையும்போது ஒவ்வொரு விளிம்பும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று முடிவு செய்தாக வேண்டும். பால்ப்பில் விந்தைச் செலுத்தும் நுனிதான் எம்போலஸ்; அதன் அடியில் இருந்த ஒரு சின்ன முண்டு படத்தில் கண்ணுக்குப் படவில்லை, வரைந்தபோதுதான் தெரிந்தது.

ஆணுக்கு இடது பால்ப்பைக் கழற்றுவதும் வரைவதும் வழக்கம். எல்லோரும் இடதையே காட்டினால்தான் கட்டுரைக்குக் கட்டுரை ஒப்பிட முடியும். எங்கள் சிலந்தியின் எம்போலஸ் குட்டை, நுனி வெளிப்பக்கம் வளைந்தது. பால்ப்பின் டிபியாவில் நீட்டிக்கொண்டிருக்கும் முள் இரண்டாகப் பிளந்தது. நெருங்கிய உறவுச் சிலந்தியில் அது ஒற்றை.

பெண்ணுக்கு வேலை கடினம். வயிற்றின் அடியில், இனப்பெருக்கத் துளைகள் உள்ள எபிஜைன் என்ற தடித்த தகடு இருக்கும். எங்களுடையதில் அதன் அகலம் கால் மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அதன் உள்பக்கத்துக் குழாய்களும் விந்துப்பைகளும் தெரிய வேண்டும் என்றால் வெட்டி எடுத்துச் சுற்றியுள்ள தசையைக் கரைக்க வேண்டும். மிக மெல்லிய பூச்சி ஊசியை ஒரு தீக்குச்சியில் செருகி, நுனியை எண்ணெய்க் கல்லில் தீட்டிக் கத்தியாக்கினோம். வயிறு மேலே பார்க்கும்படி ஜெல்லில் பதித்து, தகட்டின் விளிம்பில் இருந்து ஒரு தகட்டகலம் தள்ளி மூன்று பக்கம் குத்திக் குத்திப் பிரித்து, நான்காவது பக்கத்தை மடக்கினால் கழன்று வரும். ஒரே இழுப்பில் எடுக்கப் பார்த்தால் பின்னால் உள்ள குழாய் அறுந்துவிடும்.

எடுத்ததை 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டு, கிண்ணத்தை வெந்நீர்மேல் வைத்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். முதலில் பால்போல இருக்கும் சதை கண்ணாடியாகிக் கொண்டே வரும். பழுப்பு நிறக் குழாய்கள் ஒவ்வொன்றாகத் தெளியும். எங்களுக்கு கால்மணி நேரம் போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் விட்டால் குழாயின் சுவரே வெளுத்து, எது முன்னால் எது பின்னால் என்று தெரியாமல் போகும். பிறகு தண்ணீர், அடுத்து எத்தனால், அப்புறம் நாட்டு மருந்துக்கடை கிராம்பு எண்ணெய். அதில் போட்டதும் எல்லாம் பளிச்சென்று தெரியும். ஒரு எச்சரிக்கை: கிராம்பு எண்ணெய் பிளாஸ்டிக் பெட்ரி தட்டை அரித்துவிடும். அடிப்பக்கம் புகை படிந்ததுபோல மங்கி, எபிஜைன் அதில் ஒட்டிக்கொண்டது. கண்ணாடி மட்டுமே. வேலை முடிந்தபின் எபிஜைன் தனிக் குட்டிக் குழாயில், அந்தக் குட்டிக் குழாய் சிலந்தி இருக்கும் குழாய்க்குள். இரண்டும் எக்காரணம் கொண்டும் பிரியக் கூடாது.

இத்தனையும் முடித்தாலும் கையில் இருப்பது ஒரு நல்ல விவரிப்புதான். இது புதிது என்பதற்கு ஆதாரம் இன்னும் வரவில்லை. அதற்குத்தான் அதிக காலம் பிடித்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகச் சிலந்திப் பட்டியலில் பதிவு செய்துகொண்டால் பெயர்ப் பட்டியலோடு பழைய கட்டுரைகளும் இலவசமாகக் கிடைக்கும். 2022 ஏப்ரலில் அந்தப் பட்டியல் 50,000 சிற்றினங்களைத் தொட்டது. எங்கள் பேரினத்தில் இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா என்று ஒவ்வொரு பெயருக்கும் மூலக் கட்டுரையை எடுத்து, படம் படமாக வைத்து ஒப்பிட்டோம். புதிய கட்டுரைகள் சுலபம். பழையவைதான் சோதனை. போகாக் 1900-இல் எழுதிய நூல், கிரேவ்லி சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த காலத்துக் கட்டுரைகள், ரைமோசர் 1934-இல் தென்னிந்தியச் சிலந்திகளைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதியது, பிறகு டிகேதரின் நூல்கள் என்று எல்லாவற்றையும் புரட்ட வேண்டியிருந்தது. உழைப்பில் யாருக்கும் குறை இல்லை. ஆனால் சில விவரிப்புகளில் நிறமும் நீளமும் மட்டும் இருக்கும், உறுப்பின் படம் இருக்காது, இருந்தாலும் மூன்று கோடு. அந்த மூன்று கோட்டை வைத்து நம் சிலந்தியை விலக்கவும் முடியாது, சேர்க்கவும் முடியாது.

கடைசியில் இரண்டு பெயர்கள் மிஞ்சின. ஒன்றின் ஹோலோடைப், அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி, ஐரோப்பிய அருங்காட்சியகம் ஒன்றில் இருந்தது. எழுதிக் கேட்டோம், எபிஜைனைப் படமெடுத்து அனுப்பினார்கள். அதன் குழாய் இரண்டு சுற்று சுற்றி விந்துப்பைக்குப் போகிறது, எங்களுடையது ஒரே சுற்று. அந்தப் பெயர் விலகியது. இன்னொன்றின் மாதிரி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அதை முதலில் பிடித்த ஊரின் பக்கத்தில் சலித்துப் பார்த்தோம். கிடைத்த ஆண்களின் பால்ப்பு பழைய சித்திரத்தோடு பொருந்தியது, எங்களுடையதோடு பொருந்தவில்லை. அன்றுதான் பேராசிரியர், "இப்ப எழுதலாம்" என்றார். எங்கள் கட்டுரையில் இரு பாலுக்கும் எல்லாக் கோணங்களிலும் படம், ஒவ்வொன்றுக்கும் அளவுகோல், வேறுபாட்டுக்கு ஒரு தனிப் பத்தி என்று பக்கங்கள் நீண்டதற்குக் காரணம் அந்த மூன்று கோடுதான். நாளைக்கு இதைத் திறப்பவர் எங்களுக்குக் கடிதம் எழுதாமலேயே விலக்கவோ சேர்க்கவோ முடிய வேண்டும்.

டிஎன்ஏ முதல் சுற்றில் வரவில்லை. 70 சதவீத எத்தனாலில் அறை வெப்பத்தில் இருந்த மாதிரியின் ஒரு காலை அனுப்பினோம். சிற்றினங்களைப் பிரித்தறிய வழக்கமாகப் படிக்கும் 658 எழுத்து சிஓஐ மரபணுத் துண்டு பெருகவே இல்லை. பணம் மட்டும் போனது, 2,400 ரூபாய். பிறகு புதிதாகப் பிடித்ததை நேராக 95 சதவீதத்தில் போட்டு ஃப்ரீசரில் வைத்தோம், அது வந்தது. ஒப்பிட, டிஎன்ஏ வரிசைகளின் பொதுத் தொகுப்பான ஜென்பேங்க்கில் இந்தப் பேரினத்தின் வரிசைகள் அதிகம் இல்லை. அதனால் இதை ஆதாரமாக முன்வைக்காமல், பின்னால் வருபவர்களுக்காகச் சேர்த்து வைத்திருக்கிறோம்.

பெயருக்கு ஒரு தமிழ்ச் சொல்லையே எடுத்தோம். பெயர்ச்சொல்லாக நிறுத்தினால் பேரினப் பெயரின் ஆண்பால் பெண்பாலுக்கு ஏற்ப விகுதி மாற்ற வேண்டியதில்லை. பேரினம் நாளைக்கு மாறினாலும் சொல் அப்படியே நிற்கும். ஹோலோடைப் ஒரு ஆண். கூடவே பட்டியலிட்ட மற்ற மாதிரிகள் பாராடைப்புகள். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி புதிய சிற்றினத்தின் மாதிரியை அறிவிக்கப்பட்ட களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும். எத்தனால் குழாய்களைத் தபாலில் அனுப்ப முடியாது என்பதால், சென்னை சாந்தோமில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கு நேரில் எடுத்துப்போய்க் கொடுத்துப் பதிவெண் வாங்கினோம். அந்த எண் இல்லாமல் கட்டுரையை அனுப்ப வேண்டாம். சொந்தத் தோப்பு என்பதால் வனத்துறை அனுமதி தேவைப்படவில்லை. காட்டுக்குள் என்றால் ஒரு குச்சியைக் கிளறும் முன்பே அனுமதி வாங்கியாக வேண்டும்.

கட்டுரையை மதிப்பிட்டவர்களில் ஒருவர் எபிஜைனின் உள்பக்கத்தை மேலும் கீழும் இரண்டு கோணத்தில் கேட்டார். இன்னொரு பெண் சிலந்தியை வெட்ட வேண்டியிருந்தது. கையில் மாதிரி மிச்சம் இருந்ததால் தப்பித்தோம். ஆறு பெண் சிலந்திகளாவது கையில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்குவது சரியல்ல என்பது என் கருத்து.

மொத்தச் செலவு, நுண்ணோக்கியைச் சேர்த்து, 40,000 ரூபாய்க்குள் முடிந்தது. அடுத்த முறை, பிடித்தவற்றில் பாதியை முதல் நாளே 95 சதவீதத்துக்கு அனுப்பிவிடுவேன். கால்களை முதல் மாதிரியில் இருந்தே பிரித்து அளப்பேன். நுண்ணோக்கியும் ஜூம் நிற்கும் படிகள் உள்ளதாகப் பார்த்து வாங்குவேன். அதே சல்லடையில் இன்னொரு சிலந்தியின் பெண்கள் நான்கு வந்திருக்கின்றன. எபிஜைன் எந்தக் கட்டுரையோடும் இதுவரை ஒத்துவரவில்லை. ஆண் கிடைக்கும்வரை அவற்றின் குழாயில் பேரினத்தின் பெயரும் ஒரு கேள்விக்குறியும் மட்டும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.